எதிர்ப்பக்கம்

பின்னல் பட்டறை,
ஜூன் 4

அன்புள்ள புலவருக்கு,

அண்ணி எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சௌக்கியம். நீங்களும், உங்க பழுதுக்கடையும், மேசை மேல உயிர் போயும் போகாமயும் கெடக்குற ரேடியோக்களும் சௌக்கியமான்னு தெரிஞ்சுக்க ஆசை.

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஸ்வெட்டர் மெஷினை ஓட்டுற கம்ப்யூட்டர் ஒரு மாசமா அடம் பிடிக்குது. காலையில சுவிட்சைப் போட்டா உள்ள காத்தாடி மட்டும் சுத்துது, திரையில ஒண்ணும் வரமாட்டேங்குது. நாலஞ்சு தடவை போட்டுப் போட்டு அணைச்சா, பெரிய மனசு பண்ணி எந்திரிக்குது. அப்புறம் மெஷின் ஒரு கையைப் பாதி பின்னிக்கிட்டிருக்கும்போது தானா அணைஞ்சு போகுது. பாதிக் கையோட ஸ்வெட்டர் ஒரு கூடை நிறைய சேர்ந்துருச்சு. எந்தப் பிள்ளைக்குப் போட?

கடைவீதியில கம்ப்யூட்டர் விக்கிறவரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். "இத இன்னுமா வச்சிருக்கீங்க? புதுசு வாங்குங்கம்மா"ன்னார். வாங்கிடலாம். ஆனா மெஷினோட பேசுற அட்டை இருக்கே, அது இந்தப் பழைய போர்டுல இருக்கிற பள்ளத்துல மட்டும்தான் உக்காருமாம். புதுசுல அந்தப் பள்ளமே கிடையாதாம். அட்டையைச் செஞ்ச கம்பெனியும் மூடியாச்சு.

பள்ளிக்கூட ஸ்வெட்டர் ஆர்டர் குளிருக்கு முன்னாடி போயாகணும். கைமெஷினை இந்த வருஷம் ஓட்டுற மாதிரி இல்ல. அதனால இது ஓடினாத்தான் பட்டறை ஓடும். இல்லேன்னா பூட்டுப் போட வேண்டியதுதான்.

என்ன செய்யணும்னு எழுதுங்க. போன் பண்ணாதீங்க, மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

இப்படிக்கு,
அண்ணி


பழுதுக்கடை,
ஜூன் 12

பெருமதிப்பிற்குரிய அண்ணியாருக்கு,

தங்கள் நாத்தனார் வணக்கத்துடன் வரைவது. என் உடல்நலத்துக்குக் குறையில்லை. மேசை விளக்கும் நலமே. தங்கள் இல்லத்திலும் அவ்வாறே இருக்கக் கருதுகிறேன்.

ஓடாத இயந்திரத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய சத்தத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. எனினும், தொலைபேசியில் தாங்களும் நானும் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டையிடத் தொடங்குவது உலகறிந்த செய்தியாதலால், கடிதமே நன்று.

நோயைச் சொல்கிறேன். குளிர்ந்திருக்கையில் எழ மறுப்பதும், பலமுறை எழுப்பியபின் எழுவதும், பாதி வேலையில் மயங்கி விழுவதும் மின்தேக்கிகள் மூப்படைந்ததன் குறிகள். மின்தேக்கி என்பது விரல்நுனியளவேயான சிறு டப்பி. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டி இருப்பதால் கீழே சீராக விழுகிறதல்லவா? மின்தேக்கி செய்வதும் அதுவே. தொட்டி ஓட்டையானால் குளிக்கிறவர் பாதிச் சோப்போடு நிற்பார். தங்கள் கணினி இப்போது பாதிச் சோப்போடு நிற்கிறது.

நான் எந்தக் கல்லூரியின் படியையும் மிதித்தவள் அல்லள். நூலகத்து இரவல் கையேடுகளே என் ஆசிரியர்கள். அவை அடிக்கவில்லை, ஆகவே நன்றாகக் கற்றேன். எனவே அஞ்சாமல் நான் சொல்வதைச் செய்யுங்கள். மின் இணைப்பை முற்றிலும் பிடுங்கியபின் பெட்டியின் பக்கப் பலகையைத் திறக்கவும். டப்பிகளின் தலை தட்டையாக இருக்கின்றதா, உப்பியிருக்கின்றதா என்பதையும், உடலில் எழுதியிருப்பதையும் எழுத்துப் பிசகாமல் எனக்கு அறிவிக்கவும்.

அண்ணனார் வழக்கமாகத் தங்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரி கிறுக்குவாரே, இம்முறை காணோம். பேனாவில் மை தீர்ந்திருக்கும் என்று எண்ணி, இத்துடன் ஒரு பேனா அனுப்பியுள்ளேன்.

தங்கள் நலம் நாடும்,
நாத்தனார்


பின்னல் பட்டறை,
ஜூன் 23

அன்புள்ள புலவருக்கு,

சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல். பேனா வந்துச்சு. உங்க அண்ணன் கையில வாங்கிப் பாத்துட்டு நல்லாருக்குன்னார். எழுதத்தான் நேரமில்ல அவருக்கு.

பெட்டியைத் திறந்தாச்சு. உள்ள இருந்த பஞ்சு தூசியைச் சேத்தா ஒரு ஸ்வெட்டரே பின்னலாம். மூளைச் சில்லுக்குப் பக்கத்துல டப்பிங்க வரிசை கட்டி நிக்குது. எல்லாத்துக்கும் தலை உப்பி, மழையில நனைஞ்ச கதவு மாதிரி இருக்கு. அதுல ரெண்டோட தலை கிழிஞ்சு பழுப்பா காஞ்சு கெடக்கு. அந்த வரிசைய விட்டு ஒதுங்கி, கோவிச்சுக்கிட்டுப் போன மருமக மாதிரி ஒண்ணு தனியா ஒரு மூலையில நிக்குது. அதுவும் உப்பித்தான் இருக்கு. எழுதியிருக்கிறதையெல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கேன், போர்டோட நம்பர் உள்பட.

ஈயம் பத்த வைக்கிற உங்க அண்ணனோட பழைய சூட்டுக்கோல் பரண்ல இருந்துச்சு. போட்டா சுடுது. சாமானை அனுப்புங்க, அவரே மாத்திடுவாரு.

இப்படிக்கு,
அண்ணி


பழுதுக்கடை,
ஜூலை 3

பெருமதிப்பிற்குரிய அண்ணியாருக்கு,

வணக்கம். எனக்கு லேசான சளி. அதைத் தவிர குறையொன்றுமில்லை. அண்ணனாரின் நலம் குறித்துத் தாங்கள் தனியே ஒன்றும் எழுதவில்லை. பேனாவின் நலத்தை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள்.

புதிய மின்தேக்கிகள் இப்பொதியில் உள்ளன. பழையவற்றின் கொள்ளளவே இவற்றுக்கும். வெப்பம் தாங்கும் உயர்ந்த வகை. செய்முறையைக் கூறுகிறேன், அண்ணனாரிடம் படித்துக் காட்டவும்.

தாங்கள் போர்டு என்று எழுதிய சுற்றுப் பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க. தேக்கியின் இரு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கி, மறுபுறம் டப்பியை மெல்ல ஆட்டி எடுக்க. இழுக்கலாகாது, இழுத்தால் துளையின் உள்ளே இருக்கும் செம்பும் சேர்ந்து வரும், பிறகு என்னாலும் ஆவதொன்றில்லை. துளையில் தங்கிய ஈயத்தைச் சூடாக்கிப் பல்குத்தும் மரக்குச்சியால் வழி திறக்க. ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் பொருத்தி முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுக.

இனி முக்கியமானது. இந்த டப்பிகளுக்குப் பக்கம் உண்டு. மாற்றி வைத்தால் வெடிக்கும். ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு நெடுங்கோடு இறங்குவதைக் காணலாம். வரிசையில் நிற்பவற்றுக்கு அண்டை வீட்டைப் பார்த்து வைத்தால் போதும். தனித்து நிற்பதற்கு அண்டை வீடு இல்லை. ஆகவே அதற்கு மட்டும் சொல்கிறேன்: பலகையில் வரைந்துள்ள வட்டத்தின் வெள்ளைப் பாதியைக் காண்க, கோடு எதிர்ப்பக்கம் வருமாறு பொருத்துக.

படம் வரைந்து அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். சொல் போதாதவர்களே படம் வரைவார்கள்.

தங்கள்,
நாத்தனார்


பின்னல் பட்டறை,
ஜூலை 25

புலவரே,

வெடிச்சிருச்சு.

வரிசையில இருந்தது எல்லாம் அழகா உக்காந்துச்சு. பக்கத்து வீட்டைப் பாத்துப் பாத்து, கண்ணியை எடுத்துப் போடுற மாதிரி ஒண்ணொண்ணா மாத்தினோம். தனியா நின்னதை, கோடு எந்தப் பக்கம்னு குறிச்சுக்காமலே கழட்டிட்டு, உங்க கடிதத்தை விரிச்சு வச்சு, வரிக்கு வரி படிச்சுத்தான் வச்சது. வெள்ளைப் பாதி இந்தப் பக்கம், கோடு எதிர்ப்பக்கம். நீங்க எழுதினதுதான். வரிசையில எல்லாத்துக்கும் கோடு வெள்ளையைப் பாத்து இருக்கே, இதுக்கு மட்டும் ஏன் மாத்தின்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. புலவர் எழுத்துல பிழை இருக்காதுன்னு விட்டாச்சு.

சுவிட்சைப் போட்டு ஒரு பெருமூச்சு விடுறதுக்குள்ள பட்டுன்னு சத்தம். வெள்ளையா புகை, கெட்டுப்போன மீன் நாத்தம். ப்ளக்கைப் பிடுங்கிட்டேன். டப்பியோட தலை பொளந்து கெடக்கு. போர்டு செத்துதா பொழைச்சுதான்னு தெரியல.

செப்டம்பர் முடியறதுக்குள்ள மெஷின் ஓடலேன்னா ஆர்டரை வேற பட்டறைக்குக் கொடுத்துருவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. உங்க தமிழைப் படிச்சு நான் பெருமைப்பட்டதெல்லாம் போதும்.

உங்க அண்ணன்தான் வச்சாரு. அவரும் உங்க எழுத்தை நம்பித்தான் வச்சாரு.

அண்ணி


பழுதுக்கடை,
ஆகஸ்ட் 2

அண்ணியாருக்கு,

வணக்கம். சளி நீங்கியது. தங்கள் கடிதம் அதனினும் கடியதாக இருந்தது.

என் எழுத்தில் பிழையில்லை என்பதை முதற்கண் நிலைநாட்ட விரும்புகிறேன். மின்சாரத்துக்கு நேர் என்றும் எதிர் என்றும் இரு முனைகள் உண்டு. கடைவீதியில் பிளஸ், மைனஸ் என்பார்கள். தேக்கியின் கோடு எதிர்முனையைக் குறிப்பது. பலகையின் வெள்ளைப் பாதியும் எதிர்முனையையே குறிப்பது. ஆகவே "கோடு எதிர்ப்பக்கம்" என்றால் கோடு வெள்ளையின் மேல் வரவேண்டும் என்றே பொருள். இதை "வெள்ளைக்கு எதிரே" என்று படித்தது படித்தவரின் பிழையேயன்றி, எழுதியவளின்

இவ்விடம்வரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து ரேடியோவைக் கேட்டார், நாளை வரச் சொல்லி அனுப்பினேன். பிறகுதான் இவ்வரியைத் தொடங்குகிறேன்.

"எதிர்" என்பது எனக்கு அண்ணன் தந்த சொல். நான் பள்ளியை விட்ட ஆண்டில், அவர் தம் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து என்முன் விரித்தார். நான் மைனஸ் அடையாளத்தைக் காட்டி, "கழித்தலா அண்ணா?" என்றேன். "கழிச்சதுன்னா குப்பைக்குப் போறது. இது எதிர். இதுவும் நேருக்குச் சமமா வேலை செய்யும், தெரிஞ்சுக்க" என்றார். அன்று முதல் எங்கள் இருவருக்குள் மைனஸ் என்ற சொல்லே இல்லை. விளக்கு எரியாவிட்டால், "எதிர் விட்டுப்போச்சு பாரு" என்பார்.

அப்படிப்பட்டவர் என் வரியை மாற்றிப் படித்திருக்க மாட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாட்டார்.

ஆகவே அந்தத் தேக்கியை வைத்தவர் அண்ணன் அல்லர். கண்ணியை எடுத்துப் போடுவது போல் மாற்றினோம் என்று எழுதினீர்களே, அது தங்கள் கை.

கடிதத்தின் அடியில் அவர் வரி இல்லை. தொலைபேசி கூடாது. இந்த ஆண்டு கைமெஷின் ஓடாது. இவற்றை நான் தனித்தனியே படித்தேன், சேர்த்துப் படிக்கவில்லை. அண்ணனின் கைக்கு என்ன ஆயிற்று, அண்ணி?

நாத்தனார்


பழுதுக்கடை,
ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரவில்லை. பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தேன், பிறகு வெளியே எடுத்தேன். அழைக்காமல் வந்து நிற்பது முறையன்று என்று மனம் சொல்லியது. அது என் மனம் சொல்லக்கூடிய சொல்லே அன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

பலகையைப் பற்றி ஒரு செய்தி. ஒரு தேக்கி வெடித்ததால் பலகை இறந்துவிடாது. தாங்கள் உடனே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டீர்கள். அது பிழைத்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். மற்றதையும் அவ்வாறே நம்ப விரும்புகிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

நாத்தனார்


பின்னல் பட்டறை,
ஆகஸ்ட் 27

அன்புள்ள புலவருக்கு,

சௌக்கியம்னு ஆரம்பிச்சுக் கிழிச்சுப் போட்ட தாளே நிறைய. இப்ப உள்ளதை எழுதுறேன்.

ஏப்ரல்ல ஒரு காலையில பல் தேய்க்கும்போது உங்க அண்ணனுக்கு பிரஷ் கையை விட்டு விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சவரு எந்திரிக்கல. பக்கவாதம்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்தோம், வந்தோம். கால் தேறிருச்சு, மெதுவா நடக்கிறாரு. வலது கை இன்னும் திரும்பல. பேச்சு குழறுது, ஒரு சொல்லுக்கு ரொம்ப நேரம் போராடுறாரு. அதனாலதான் போன் வேணாம்னேன். அதனாலதான் கைமெஷினும் ஓடாது. அதைத் தள்ள அவரோட தோளு வேணுமே.

உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஏன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டு ஒரே வாக்கியம் சொன்னாரு: "அவ வந்தா என்னையும் கழட்டிப் பாப்பா." சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. நோவு வந்த பிறகு அன்னிக்குத்தான் முதல்ல சிரிச்சாரு, அதனால நானும் சத்தியம் பண்ணிட்டேன்.

வெடிச்ச அன்னிக்கு நடந்ததைக் கேளுங்க. அவரு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. நான் டப்பியைத் துளையில விட்டேன். அவரு இடது கையால மேசையைத் தட்டினாரு. "எ... எதிர்" அப்படின்னாரு. "ஆமாங்க, எதிர்தான் வைக்கிறேன்"னேன். இன்னும் பலமாத் தட்டினாரு. "எதிர்! எதிர்!" "அதான் வச்சுட்டேனே, பதறாதீங்க"ன்னு சொல்லி ஈயத்தை வச்சேன். தலையில அடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரே சொல்லை ரெண்டு பேரும் சொல்றீங்க, நடுவுல நான் ஒருத்தி அதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு வெடிக்க வைக்கிறேன்.

மைனஸ்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும், தாயே.

அன்னிலேர்ந்து அவரு பட்டறைப் பக்கமே வரல. பூட்டிடலாம்னு சைகை காட்டுறாரு. நான் பூட்டுறதா இல்ல. இந்த மெஷினுக்குத் தோளு வேணாம். பட்டனைத் தட்ட ஒரு விரல் போதும். அது ஓடினா அவரு முன்னாடி உக்காந்து ஓட்டலாம். ஓடலேன்னா அவரு ஜன்னல் ஓரம் உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதுக்குத்தான் இவ்வளவு பாடு. ஸ்வெட்டருக்காக இல்ல.

இன்னொரு டப்பி அனுப்புங்க.

அண்ணி


பழுதுக்கடை,
செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். தாங்கள் நலமா என்று இதுவரை ஒரு கடிதத்திலும் நான் தனியே கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

தாங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். அண்ணன் சொன்னது உண்மை. நான் வந்திருந்தால் மருத்துவரின் சீட்டை வாங்கித் திருத்தி எழுதியிருப்பேன். ஆகவே இப்போது வரவில்லை. குளிர் தொடங்கும்போது வருவேன். பழுது பார்க்க அன்று, எனக்கொரு ஸ்வெட்டருக்கு அளவு கொடுக்க.

புதிய தேக்கி இத்துடன் உள்ளது. பலகைக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. வரிசையில் தாங்கள் வைத்தவை அசையாமல் நிற்கின்றன என்றால், இதுவும் நிற்கும். முதன்முறை சூட்டுக்கோல் பிடித்த கையால் துளையின் செம்பு பிய்யாமல் எடுத்தீர்கள். நான் முதன்முறை பிய்த்தேன். இதை வேறெவரிடமும் சொல்ல வேண்டாம்.

இம்முறை படம் வரைந்துள்ளேன். வட்டம் சற்றுப் பூசணி போல் வந்திருக்கிறது, பொறுத்தருள்க. வெள்ளைப் பாதியின் மேல் கோடு. பக்கத்தில் பெரிதாக மைனஸ் என்று எழுதியிருக்கிறேன். அச்சொல்லை என் சொல்லாக எழுதுவது வாழ்நாளில் இதுவே முதன்முறை.

ஆனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அண்ணனை அழைத்து வந்து பலகையின் முன் உட்கார வையுங்கள். வர மறுத்தால், அவருடைய சொல்லை அவர் தங்கையே பிழையாக எழுதிவிட்டாள், வந்து திருத்தச் சொல்கிறாள் என்று கூறுங்கள். என்னைத் திருத்தும் வாய்ப்பை அவர் ஒருநாளும் விட்டதில்லை. அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இடக்கையின் விரல் எங்கே நிற்கிறதோ, அங்கே கோடு.

தங்கள் அன்புக்குரிய,
நாத்தனார்


பின்னல் பட்டறை,
செப்டம்பர் 22

அன்புள்ள புலவருக்கு,

நான் நலம். கேட்டதுக்குச் சந்தோஷம். உங்க அண்ணனும் நலம். தனியாவே எழுதிட்டேன், பாத்துக்குங்க.

உங்க பூசணிக்காயை மெஷினுக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்கேன். "தங்கச்சி தப்பா எழுதிட்டாளாம், திருத்தணுமாம்"னு சொன்னேன். ஜன்னல் ஓரத்துலேர்ந்து திரும்பிப் பாத்தாரு. செருப்பைக் கூடப் போடாம வந்து உக்காந்துட்டாரு.

பொளந்து போனதைக் கழட்டினேன், குச்சி விட்டுத் துளையைத் திறந்தேன். "கோடு எங்கங்க?"ன்னேன். இடது கை விரலை வெள்ளை மேல வச்சாரு. நான் டப்பியை விட்டு, ஈயம் வச்சு முடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கல. சூடு பட்டுறப்போகுதுன்னு கத்தினேன், அப்பவும் எடுக்கல. என்னை அவ்வளவு நம்புறாரு பாருங்க.

சுவிட்சைப் போட என்னால ஆகல. "நீங்களே போடுங்க"ன்னுட்டு வாசப்படியில போய் நின்னுட்டேன். காத்தாடிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெஷின் இழுக்கிற சத்தம். உள்ள போய்ப் பாத்தா ஒரு கை பின்னிக்கிட்டிருக்கு. பாதியில நிக்கல. முழுக் கையும் வந்து விழுந்துச்சு. அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, அடுத்ததுக்கு அவரே பட்டனைத் தட்டினாரு.

இப்ப நாள் முழுக்க அங்கதான் இருக்காரு. ஆர்டர் போயிரும். நான் கூடையில கெடந்த பாதிக் கையையெல்லாம் பிரிச்சு நூலாக்கிட்டு இருக்கேன். உங்க அளவுக்கு அதுல ஒண்ணு ஆகும். கலர் பள்ளிக்கூடக் கலர்தான், பரவாயில்லையா?

நிறுத்திக்கிறேன். நீங்க அனுப்பின பேனாவைக் கேக்குறாரு. அடியில இடம் விடச் சொல்றாரு, விட்டுட்டேன்.

அண்ணி

எதிர்க் கையால் எழுதுகிறேன். வெடிக்கவில்லை.